அஞ்சலையின் தசைக்கு என்ன வயது?

என் வீட்டுக் கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலி கிடக்கிறது. நான் ஓய்வுபெற்ற மாதம் மகன் வாங்கிப் போட்டது. பேப்பரை எடுத்துக்கொண்டு அதில் உட்காருவேன். முதல் பக்கம் முடிவதற்குள் எழுந்து திண்டிவனம் மார்க்கெட் வரைக்கும் நடந்து, ஒன்றும் வாங்காமல் திரும்பி வருவேன். காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்த ஆள் என்று என் மனைவி சுகுணா சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து இதையே சொல்கிறாள். அவளுக்குச் சொல்லிச் சலிக்கவில்லை, எனக்கும் கேட்டுக் கோபம் வருவது நிற்கவில்லை.

போன மாதம் பழைய ஆய்வுக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். நான் வேலை பார்த்த கிரையோஸ்டாட்டைக் கழித்துக்கட்டப் போகிறார்களாம். உறைந்த தசையை மெல்லிசாகச் சீவுகிற குளிர்ப்பெட்டி இயந்திரம் அது. அதை ஏலத்துக்கு அனுப்புவதற்கு முன்னால், அந்தக் காலத்தில் எப்படி வேலை செய்தோம் என்று நாலு வார்த்தை பேச வேண்டுமாம். அந்தக் காலம் என்று அவர்கள் சொல்வது பன்னிரண்டு, பதிமூன்று வருடத்துக்கு முந்தியதைத்தான். எனக்கு எரிச்சலாக இருந்தாலும் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் வண்டி நின்றபோது இறங்கி நடந்துவிடலாமா என்று கூடத் தோன்றியது.

பேசினேன். பாதி வழியில் அஞ்சலை கதைக்கு வந்தேன். அப்போது ஒரு பெண், இப்போது அங்கே டெக்னீஷியனாக இருப்பவர், சாதாரணமாகத்தான் கேட்டார்.

"சார், அவங்களுக்கு வெச்ச பேஸ்மேக்கர் பேட்டரி பத்துப் பன்னெண்டு வருஷந்தான வரும்? அப்புறம் மாத்தினாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் சொன்னேன். மீதியைச் சொல்லாமலே மேடையிலிருந்து இறங்கிவிட்டேன். அன்று முழுங்கிய மிச்சத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

படித்தது லேப் டெக்னீஷியன் கோர்ஸ். முதல் வேலை கண்டாச்சிபுரம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். காய்ச்சல்காரர்களின் ரத்தத்தில் மலேரியாக் கிருமியும், இருமல்காரர்களின் சளியில் காசநோய்க் கிருமியும் தேடித் தேடி என் பாதி ஆயுள் அங்கேயே போனது. கண்ணுக்குப் பழக்கமும் கைக்கு நிதானமும் வந்தது அங்கேதான். மனசுக்கு நிதானம் வரவே இல்லை. பிறகு ஒரு மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே இந்திராணி மேடம் இருந்தார்.

மேடம் புதுச்சேரியிலிருந்து தினமும் ரயிலில் வருவார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். துடைத்து முடிக்கிற வரைக்கும் எதிரில் இருப்பவனுக்கு உயிர் போய் உயிர் வரும். அவர் உட்கார்ந்தால் அசைய மாட்டார், நான் நின்றால் ஒரு காலில் நிற்க மாட்டேன். "தணிகாசலம், மைக்ராஸ்கோப் ஆடுது. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பார். கிண்டலா நிஜமா என்று கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை.

அவருக்கு ஓர் ஆராய்ச்சி இருந்தது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று சின்னச் சின்ன மின்சார நிலையங்கள் இருக்கின்றன. தின்னும் சோற்றைச் சக்தியாக மாற்றுவது அவைதான். அவற்றுக்குத் தனியாக ஒரு குட்டி டி.என்.ஏ. உண்டு. அது அம்மாவிடமிருந்து மட்டும் வரும், அப்பா வழியில் வராது. வயதாக ஆக அந்த டி.என்.ஏ.வில் அங்கங்கே துண்டு துண்டாகக் காணாமல் போகும். அப்படிப் பழுதானவை ஒரு தசை இழையில் பெருகிவிட்டால் அந்த இழைக்கு மட்டும் கரண்ட் போய்விடும். நம் பக்கத்தில் வெயிலில் கழனி வேலை செய்கிற ஜனங்களின் தசையில் இது எந்த வயதில், எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும். அதற்காக எலும்பு முறிவுக்குத் தொடையில் ஆபரேஷன் செய்யும்போது, நோயாளியிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொண்டு, ஒரு சின்னத் துண்டு தசை எடுத்துக் கொடுப்பார்கள்.

அதைக் கையோடு வாங்கி வருவது என் வேலை. வழக்கமாக ஊறப்போடுகிற ஃபார்மலின் மருந்தில் போட்டால் எல்லாம் செத்துவிடும். உப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, டப்பாவில் வைத்து, டப்பாவை ஐஸில் இறக்க வேண்டும். துணி சொட்டச் சொட்ட இருந்தால் தசை தண்ணீர் குடித்து ஊதும், காய்ந்திருந்தால் சுருங்கும். அடுத்து உறையவைப்பது. திரவ நைட்ரஜனில் நேராகப் போட்டால் சுற்றிலும் கொதித்துக் குமிழ் கட்டி, தசை மெதுவாக உறையும். உள்ளே ஐஸ் ஊசிகள் வளர்ந்து பொத்தல் பொத்தலாகிவிடும். அதனால் நைட்ரஜனுக்குள் ஒரு குவளையைத் தொங்கவிட்டு, அதில் ஐசோபென்டேன் என்ற திரவத்தை ஊற்றி, அடியில் வெள்ளையாகக் கட்டத் தொடங்கும் நேரம் பார்த்துத் தசையை முக்க வேண்டும்.

நைட்ரஜன் எங்கே கிடைக்கும்? மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர்கள் வைத்திருப்பார்கள். திண்டிவனத்தில் எங்களுக்கு நிரப்பிக் கொடுத்த ஆள் ஒவ்வொரு முறையும் "இன்னிக்கி ஜெர்சியா சார், நாட்டு மாடா?" என்று கேட்பான். மனுஷத் தொடை என்று நான் சொன்னால் கெக்கெக்கே என்று சிரிப்பான்.

உறைந்ததைச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, இரண்டு சாயம் ஏற்றுவோம். முதலில் பழுப்பு. மைட்டோகாண்ட்ரியா ஒழுங்காக வேலை செய்யும் இழையில் அது நன்றாக ஏறும். பிறகு நீலம். பழுப்பு ஏறிய இழையில் நீலத்துக்கு இடம் இருக்காது. பழுப்பு ஏறாத இழையில் மட்டும் நீலம் பளிச்சென்று தெரியும். எண்பது வயதுக் கிழவரின் தசையில் பழுப்புக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக நீலம் இருக்கும். இருபது வயதுப் பையனுடையதில் தேடினாலும் கிடைக்காது.

மேடத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. மைக்ராஸ்கோப்பில் சில்லை வைக்கும்போது பெயர், வயது எதையும் சொல்லக் கூடாது. முதலில் நீலத்தைப் பார்க்க மாட்டார். இழைகள் எவ்வளவு சுருங்கியிருக்கின்றன, நடுவில் எவ்வளவு கொழுப்பு வந்திருக்கிறது என்று மற்றவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, தோராயமாக ஒரு வயதைப் பென்சிலால் ஒரு சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைப்பார். அப்புறம்தான் நீலம் எண்ணுவார். கடைசியில்தான் என்னிடம் உண்மையான வயதைக் கேட்பார். தசையைப் பார்த்து வயதைத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது, அவரும் அப்படிப் பெருமை பேசியதில்லை. வயது காதில் விழுந்துவிட்டால் கண் அதற்கு ஏற்ற மாதிரி பார்க்க ஆரம்பித்துவிடும் என்பார். எனக்கு இந்தச் சடங்கு பிடிக்காது. ஒரு சில்லுக்கு இத்தனை நேரமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

ஒரு நாள் அஞ்சலை என்ற அம்மாளின் தசை வந்தது. ஒலக்கூர் பக்கம் ஒரு கிராமம். மயக்கம் வந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, கம்பி வைத்தார்கள். காப்பீட்டுக் கார்டுப்படி வயது அறுபத்திரண்டு. உறையவைத்து எடுத்து வைத்ததை இரண்டு வாரம் கழித்துத்தான் சீவிச் சாயம் ஏற்றினேன். மேடம் பார்த்தார், பென்சிலால் எழுதினார், கவிழ்த்தார். பிறகு நீலம் எண்ண ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தணிகாசலம், தசை எடுத்த அன்னிக்கு டப்பா ஏதாவது மாறிச்சா?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. அத்தனை வருடத்தில் ஒரு டப்பாவை மாற்றியவன் இல்லை நான். சீட்டைத் திருப்பிக் காட்டினார். ஐம்பதுக்குள் என்று எழுதியிருந்தது. சில்லிலோ எண்பது வயதில் கூட நாங்கள் பார்த்திராத அளவுக்கு நீலம். இழைகள் திடமாக இருந்தன, நடுவில் கொழுப்பு இல்லை, ஆனால் ஒரு மூலையே நீலமாகக் கிடந்தது. சாயம் சரியில்லை என்று நினைத்தார். அன்று தசை கொடுத்த இன்னொருவன் விக்கிரவாண்டியில் பைக்கிலிருந்து விழுந்த இளைஞன். மறுபடி இரண்டையும் சீவினேன், புதுச் சாயம் கலந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்தேன். இளைஞனுடையது சுத்தமான பழுப்பு, அம்மாளுடையது அதே நீலம்.

மேடம் இரண்டு சில்லுகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். நான் அறைக்கும் வராந்தாவுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"தசை பொய் சொல்லாது. நீங்களும் டப்பாவ மாத்தல. அப்போ வெளியில ஏதோ மாறியிருக்கு" என்றார்.

வார்டுக்கு ஓடினேன். முந்தின நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். பின்னாலேயே வந்து, அங்கே இருந்த நோயாளிச் சீட்டைப் புரட்டிப் பார்த்த மேடத்துக்கு இன்னும் சில விஷயங்கள் கிடைத்தன. கண் இமை தொங்குகிறது, வயசாகிவிட்டது. காது மந்தம், வயசாகிவிட்டது. ஈ.சி.ஜி.யில் கொஞ்சம் தடை, இந்த வயசுக்கு இருக்கும். மயங்கி விழுந்தது, வயசான காலத்தில் சாப்பிடாமல் வெயிலில் நின்றிருப்பார். ஒவ்வொரு டாக்டரும் கார்டில் இருந்த வயதைப் பார்த்து நியாயமாகத்தான் எழுதியிருந்தார்கள். அந்த வயதே தப்பு என்றால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போகிற பிறவி நோய் ஒன்று உண்டு, அதில் இமை, காது, தசை எல்லாம் போகும். கடைசியில் இதயத்தின் மின்சாரம் ஒரு நொடியில் நின்றுவிடலாம் என்று மேடம் எனக்கு விளக்கினார். போன் நம்பர் என்று எழுதியிருந்ததில் யாரும் எடுக்கவில்லை.

"நீங்க திண்டிவனந்தான? போய்ப் பாத்துட்டு வாங்க. பேர், கார்டு எதையும் விசாரிக்காதீங்க. முகத்தப் பாருங்க, தாடையத் தூக்கிப் பாக்கறாங்களான்னு பாருங்க. வீட்டுல வேற யாராச்சும் இப்படி விழுந்தாங்களான்னு மட்டும் கேளுங்க."

மறுநாள் காலை ஒலக்கூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையைப் பிடுங்குகிற சமயம். ஊரே கழனியில் இருந்தது. அந்த அம்மாள் வாசலில் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். அறுபத்திரண்டு இல்லை என்று பார்த்த உடனே தெரிந்தது. முடியில் நரை குறைவு, கையில் பலம் இருந்தது. ஆனால் இமைகள் பாதிக் கண்ணை மூடியிருந்தன. என்னைப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்த்துத் தாடையைத் தூக்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றதும் உக்காருங்க சார் என்றார். பரவாயில்லை என்று நின்றேன். மறுபடி உக்காருங்க என்றார். நான் வந்த காரியத்தைச் சொல்வதற்குள், முப்பத்தைந்து வயதைத் தாண்டிய ஓர் ஆள் மல்லாட்டைச் செடிக் கட்டோடு வந்து போட்டான். மூத்த மகன் ஏழுமலை.

"சின்னம்மா, மாத்திர போட்டுக்கினியா?" என்று கேட்டான்.

நான் அவனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். சீட்டில் தாய் அஞ்சலை, மகன் ஏழுமலை என்று இருந்தது. பெற்ற தாயை யாராவது சின்னம்மா என்பார்களா? பெயரை விசாரிக்காதே என்று மேடம் சொன்னது நினைவுக்கு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டேன். உங்கள் வீட்டில் வேறு யாராவது இப்படி மயங்கி விழுந்ததுண்டா என்று மட்டும் கேட்டேன். ஏழுமலை செடிக்கட்டைப் பிரிக்கப் போகிறவன் மாதிரி நகர்ந்து மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் போய்விட்டான்.

"மொதல்ல நீங்க உக்காருங்க சார்" என்றார் அவர், இந்த முறை கொஞ்சம் கடுமையாக. "எங்கக்கா களத்துல நின்னுக்கினே இருந்தா. கேப்ப தூத்திக்கினு இருந்தா. அப்படியே சாஞ்சா, அவ்ளோதான். அதுலேருந்து எதிர்ல யாராச்சும் நின்னுக்கினே பேசினா எனக்கு ஒடம்பு பதறுது."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அக்காவுக்கும் இமை இப்படித்தான் தொங்குமாம். அவர்கள் அம்மாவுக்கும் அப்படியே. ஊரில் இவர்களைத் தூங்குமூஞ்சி வீடு என்றே சொல்வார்களாம். அக்கா செத்தபோது ஏழுமலைக்கு ஏழு வயது, அவனுக்குக் கீழே இன்னொன்று. பிள்ளைகளை யார் பார்ப்பது என்று, பதினெட்டு வயசுத் தங்கச்சியை அக்கா புருஷனுக்கே கட்டிவைத்துவிட்டார்கள். நம் பக்கத்தில் இது புதிதல்ல. ரேஷன் கார்டில் மனைவி அஞ்சலை என்று அக்கா பெயர் இருந்தது. ஓர் ஆள் போய் ஓர் ஆள் வந்திருக்கிறது, எண்ணிக்கை சரிதானே என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் வந்த ஓட்டுக் கார்டு, ஆதார், காப்பீட்டுக் கார்டு எல்லாவற்றிலும் அந்தப் பெயரும் அந்த வயதுமே ஏறிவிட்டன. புருஷன் போன பிறகு கழனியும் அஞ்சலை பேருக்கே மாறியது. செத்துப்போன அக்காவின் வயதை முப்பது வருடமாக இவர் சுமந்துகொண்டிருந்தார்.

"என் பேரு பூங்காவனம். எனக்கு நாப்பத்தெட்டு. இத யாருக்கிட்டயும் சொல்லிடாதீங்க சார். போலீசு கீலீசுன்னு பேஜாராப் பூடும், புள்ளைங்க கழனி போய்டும்" என்றார்.

எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ஓட்டமாக வந்து பஸ் பிடித்தேன். அன்று மாலையே மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சீட்டில் எழுதிய வயது சரி என்று நான் சொன்னபோது அவர் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. அக்காவும் அம்மாவும் ஒரே மாதிரி என்றால் இது அம்மா வழியில் வருகிறது, இவருக்கும் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும் என்றார்.

பெயரைச் சொன்னால் அந்த அம்மாளின் வீடு கலைந்துவிடும் என்று பயம். சொல்லாவிட்டால் இதய டாக்டர் வயசு என்றுதானே அனுப்புவார்? நான் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். மேடம் ஒரு பேனாவை எடுத்து அறிக்கை எழுத ஆரம்பித்தார். பெயர் என்ற இடத்தில் கார்டுப் பெயரையே போட்டார். கீழே மூன்றே வரி. இந்தத் தசை ஐம்பதைத் தாண்டாத ஒருவருடையதாகத் தெரிகிறது, இதிலுள்ள நீல இழைகளை முதுமையால் விளக்க முடியாது, இதயத்தை உடனே பார்க்கவும்.

"தசைக்கு எனக்குக் கார்டு தேவையில்ல. தசையோட வயச மட்டுந்தான் நான் எழுதறேன்" என்றார்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு அவரே இதயப் பிரிவுக்கு நடந்து போனார். இதய டாக்டர் நல்ல மனிதர். இறங்கி வந்து சில்லைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்ய வேண்டும், கூட்டி வாருங்கள் என்றார். கூட்டி வருவதுதான் நடக்கவில்லை. மறுபடி போனேன். பூங்காவனம் வர மாட்டேன் என்றார். கால் இப்படி இருக்கிறது, மல்லாட்டை கழனியில் கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போனால் துருவித் துருவிக் கேட்பார்கள் என்று ஒவ்வொரு காரணமாகச் சொன்னார். நான் கெஞ்சினேன், பிறகு சத்தமும் போட்டேன். எதற்கும் அசையவில்லை. கொட்டாயிலிருந்து ஏழுமலை வந்தான். வீட்டு விஷயத்தை என்னிடம் சொல்லிவிட்டார் என்று அவனுக்குத் தெரிந்தால் பிரச்சினை செய்வான் என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

அவன் கையில் ஒட்டியிருந்த மண்ணை வேட்டியில் துடைத்தான். "சின்னம்மா, அஞ்சலன்ற பேர்ல எங்கம்மாவ ஒரு தடவ தூக்கினு போயாச்சி. அதே பேர்ல இன்னொரு தடவ தூக்க என்னால ஆவாது. ஏறு வண்டில" என்றான்.

பூங்காவனம் கையை நீட்டினார், தூக்கிவிடச் சொல்லி.

பதிவுக் கருவியைக் கழற்றிய அன்றே தெரிந்துவிட்டது. தூக்கத்தில் அவருடைய இதயம் நடுநடுவே நின்று நின்று ஓடியிருந்தது. தாளைப் பார்த்த டாக்டர் உடனே பேஸ்மேக்கருக்கு எழுதிவிட்டார். மார்புத் தோலுக்கு அடியில் வைக்கிற சின்னக் கருவி அது, இதயம் நின்றால் தட்டி எழுப்பும். அக்காவைக் கொன்ற நோய்க்கு, அக்கா பேரில் இருந்த காப்பீட்டுக் கார்டிலேயே தங்கச்சிக்கு வைத்தியம் நடந்தது. பூங்காவனம் பெற்ற மகளுக்கும், ஏழுமலைக்கும் அவன் தம்பிக்கும் ஈ.சி.ஜி. எடுத்தோம். அக்கா பிள்ளைகளும் தங்கச்சி பிள்ளையும் ஒரே தாய் வழி. வருடா வருடம் வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார் மேடம்.

வீட்டுக்குப் போகும் நாளில் பூங்காவனத்தைச் சக்கர நாற்காலியில் எங்கள் அறைக்குக் கூட்டி வந்தார்கள். மேடம் பெயரைக் கேட்டார். கார்டில் அஞ்சலை என்று இருக்கிறது என்றார் அவர். கார்டுப் பேரை நான் கேக்கல என்றார் மேடம். அதற்கப்புறம்தான் பூங்காவனம் என்ற பெயர் வெளியே வந்தது. மேடம் அதை எங்கும் எழுதவில்லை. மைக்ராஸ்கோப்பைத் தாழ்த்தி, பூங்காவனம் இப்படிப் பாருங்க என்றார். நீலமாகத் தெரிவதெல்லாம் சக்தி போன இழைகள் என்று நான் சொன்னேன். அவர் ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"இந்த நீலமெல்லாம் கரண்டு போன வூடா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எத்தினி வூடு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை எடுத்தார்.

அதோடு அவரை நான் பார்க்கவில்லை. கொஞ்ச வருடத்தில் மேடம் ஓய்வுபெற்றார், ஆராய்ச்சி நின்றது. பிறகு நானும் ஓய்வுபெற்றேன். இப்போது ரத்தத்தையும் சிறுநீரையும் எடுத்து வெளியூருக்கு அனுப்பினாலே டி.என்.ஏ.வில் எங்கே தப்பு என்று எழுதி அனுப்பிவிடுகிறார்களாம், பெரும்பாலும் தசையைச் சீவவே வேண்டாமாம். நல்லதுதான். நைட்ரஜனுக்கு அலைய வேண்டாம், சினை ஊசிக்காரனின் கேலியைக் கேட்க வேண்டாம். ஆனால் அனுப்புகிற சீட்டில் எழுதப் போவது கார்டில் இருக்கிற வயதைத்தானே?

அந்தக் கூட்டத்திலிருந்து திரும்பிய அன்று சுகுணா காபி கொடுத்தாள். குடிக்க முடியவில்லை. பேட்டரி, பேட்டரி என்றே மண்டைக்குள் ஓடியது. ஒரு பெரிய வேலை செய்துவிட்டோம் என்று இத்தனை வருடம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அந்த அம்மாள் இருக்கிறாரா இல்லையா என்று ஒரு தடவை போய்ப் பார்க்கத் தோன்றவில்லையே என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது. மார்க்கெட்டுக்கு வீணாக நடந்த நடையில் பாதியை ஒலக்கூருக்கு நடந்திருக்கலாம். மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். எங்கே என்று சுகுணா கேட்கவில்லை.

ஊர் மாறியிருந்தது. வீடு இருந்த இடத்தில் மாடி வைத்த மெத்தை வீடு. வாசல் சாத்தியிருந்தது. தட்டுவதற்குத் தூக்கிய கையை இறக்கிவிட்டேன். யாரைக் கேட்பது, என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்று கூடத் தெரியாமல் நின்றேன். அஞ்சலை என்றால் செத்துவிட்டாள் என்று சொன்னாலும் அது உண்மையாக இருக்கும், பொய்யாகவும் இருக்கும்.

பக்கவாட்டிலிருந்து ஏழுமலை வந்தான். அவனுக்கும் இப்போது இமை கொஞ்சம் இறங்கியிருந்தது. என்னைத் தெரிந்துகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. தெரிந்ததும் பின்பக்கம் கூட்டிப் போனான்.

வேப்ப மரத்து நிழலில் பூங்காவனம் மல்லாட்டையைச் செடியிலிருந்து ஆய்ந்துகொண்டிருந்தார். முடி நன்றாக நரைத்திருந்தது. இமையைத் தூக்கிப் பிடிக்கிற சின்னக் கம்பி வைத்த மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். தலையைப் பின்னால் சாய்க்காமல் நேராக என்னைப் பார்த்தார்.

நான் நலம் கூட விசாரிக்கவில்லை. பேட்டரி மாத்தினீங்களா என்றுதான் கேட்டேன்.

"மாத்தியாச்சி சார். இவன்தான் தேதி வெச்சிக்கினு இட்டுனு போனான்" என்றார், ஏழுமலையைக் காட்டி. பிறகு சிரித்தார். "அன்னிக்கி எனக்கு அறுவத்திரண்டுன்னு எழுதி வெச்சிருந்தீங்களே. இந்தத் தையோட எனக்கு நெசமாவே அறுவது முடியுது. இன்னும் ரெண்டு வருசம் தள்ளிட்டா அதுவும் வந்துடும். எங்கக்கா முப்பத்திரண்டுல போனா. நான் பாதி அவளுக்கும் சேத்து வாழ்ந்துக்கினு இருக்கேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அங்கும் இங்கும் பார்த்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஏதோ உளறினேன்.

"இப்ப என் தொடைய அறுத்துப் பாத்தா, அந்த நீலம் வயசுக்குச் சரின்னு சொல்வாங்களா உங்க மேடம்?"

மாட்டார்கள், இப்போதும் அதிகம்தான் என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. அவர் அதற்கும் சிரித்தார். மடியில் இருந்த செடியைக் கீழே வைத்துவிட்டு, எதிரில் கிடந்த சாக்கைத் தட்டி விரித்தார்.

"அன்னிக்கி மூணு தடவ சொன்னேன், நீங்க கேக்கல. நின்னுக்கினே பேசினா எனக்குப் பதறும்னு தெரியுந்தான சார் உங்களுக்கு?"

நான் உட்கார்ந்தேன். அவர் என் பக்கம் ஒரு கட்டுச் செடியைத் தள்ளினார். நானும் ஆய ஆரம்பித்தேன். வெயில் ஏறி, பஸ் போய், அடுத்த பஸ்ஸும் போகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.